படத்துக்குக் கீழே பேர் இருக்கிறதா?

வாசகர் கேள்வி – பதில்

நூதனசாலைகளிலும் கலைக்கூடங்களிலும் மாட்டப்படும் ஆவணப் புகைப்படங்களைப் பற்றிக் கேட்டு வந்த கடிதங்களை இந்த இதழுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன். பத்திரிகைக் காரியாலயம் ஒன்றின் படக் களஞ்சியத்தில், கவர்களுக்கும் நெகட்டிவ்களுக்கும் நடுவில் தலை நரைத்தவள் நான். ஆகவே பதில்களில் பக்கச்சார்பு இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: தங்கச்சி, பேரன் என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு படக் கண்காட்சி காட்டினான். சுவர் நிறையப் படம். ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்கக் கால் உளைந்ததுதான் மிச்சம். வீட்டுக்கு வந்து யோசித்தால் ஒரு படமும் ஞாபகத்தில் இல்லை. இதையெல்லாம் எப்படித்தான் பார்க்கிறது? – ஓய்வுபெற்ற தாதி, வெள்ளவத்தை

அம்மா, கால் உளைந்ததற்கு வயது காரணமில்லை. இருபது வயதுப் பிள்ளைகளே மூன்றாவது அறைக்கு வரும்போது சுவரில் சாயத் தொடங்கிவிடுகிறார்கள். வாசலில் இருந்து வரிசை தவறாமல் ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் நின்று, குனிந்து குறிப்பை வாசித்து, நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்ததற்கு நகர்வது நவக்கிரகம் சுற்றுகிற மாதிரி. புண்ணியம் கிடைக்கலாம், படம் மனதில் நிற்காது.

நான் முதலில் எதையும் வாசிக்காமல் நடந்தபடியே ஒரு சுற்று வருவேன். எந்தப் படம் என்னை நிறுத்துகிறதோ அதை மட்டும் குறித்துக்கொள்வேன். நாலைந்துக்கு மேல் தேறாது. பிறகு ஒரு வாங்கு தேடிக் கொஞ்ச நேரம் இருப்பேன். இரண்டாம் சுற்றில் அந்த நாலைந்துக்கு முன்னால் மட்டும்தான் நிற்பது. நடுவில் இருக்கும் முகத்தைப் பார்த்தது போதும், இனி ஓரங்களைப் பாருங்கள். எடுத்தவர் கவனிக்காமல் உள்ளே வந்தவையெல்லாம் ஓரத்தில்தான் கிடக்கும்: சுவரில் தொங்கும் கலண்டர், கதவு நிலைக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் பிள்ளை, யாரோ கழற்றி வைத்த செருப்பு. பழைய கொழும்புத் தெருப் படம் என்றால் எனக்கு முதலில் கண் போவது கடைப் பெயர்ப்பலகைகளுக்கு. எந்த மொழி மேலே, எந்த மொழி கீழே, எது இல்லவே இல்லை என்று பார்த்தால், தனிச் சிங்களச் சட்டம் வந்த 1956க்கு முந்திய படமா பிந்தியதா என்பதைப் பலகையே சில வேளை சொல்லிவிடும்.

குறிப்பை வாசிப்பது அதற்குப் பிறகு. படத்தில் இருப்பவர் யார், எங்கே, எப்போது, எடுத்தவர் யார், யார் காசு கொடுத்து எடுப்பித்தார்? முதல் நாலுக்கும் பதில் இருந்தால் நல்ல குறிப்பு. ஐந்தாவதை அநேகமாக எழுதமாட்டார்கள். மண்டபத்தில் நிற்கும் பிள்ளைகளிடம் கேளுங்கள். அவர்களுக்கும் பொழுது போகவேண்டாமா?

*

கேள்வி: படம் பார்க்கக் கூப்பிட்டுவிட்டு ஏன் மண்டபத்தை இருட்டாக வைத்திருக்கிறார்கள்? கரண்ட் பில்லுக்குப் பயந்தா? – வத்தளை வாசகர்

இல்லை, படத்துக்குப் பயந்து. வெளிச்சம் புகைப்படத்தைத் தின்னும். தின்றதைத் திருப்பி வாங்க வழியில்லை. பழைய படங்களுக்கு 50 லக்ஸ் அளவு வெளிச்சமே போதும் என்பது நூதனசாலைகளின் நெடுநாள் வழக்கம். நம் காரியாலய மேசைக்கு மேல் 300க்குக் குறையாமல் எரிகிறது, கணக்குப் போட்டுப் பாருங்கள். உள்ளே போனதும் இரண்டு நிமிடம் சும்மா நில்லுங்கள், கண் பழகிவிடும். பிளாஷ் அடிக்க வேண்டாம் என்பதில் பாதி, பக்கத்தில் நிற்பவரின் கண்ணைக் காப்பாற்றுவதற்காக.

*

கேள்வி: பாடசாலைப் பிள்ளைகளைக் கொழும்புக்குக் கூட்டி வந்து பழைய இலங்கைப் படங்களைக் காட்டினேன். தோட்டப் படம் ஒன்றின் கீழே 'தமிழ்க் கூலிகள்' என்று மட்டும் இருந்தது. 'மிஸ், இவங்க பேரு என்னா?' என்று ஒரு பிள்ளை கேட்டது. எனக்குப் பதில் தெரியவில்லை. கண்டுபிடிக்க முடியாதா? – ஆசிரியை, ஹட்டன்

டீச்சர், வந்த கடிதங்களில் நான் திரும்பத் திரும்ப வாசித்தது உங்களுடையதைத்தான்.

அந்தப் படங்களில் பெரும்பாலானவை ஆவணமாக வைக்க எடுத்தவை அல்ல, விற்க எடுத்தவை. 1860களில் இருந்தே கொழும்பில் ஸ்கீன் கம்பனி, பிறகு கண்டியில் ஸ்கோவன், 1890இல் தொடங்கிய பிளாட்டே என்று ஸ்டூடியோக்கள் இருந்தன. கப்பலில் வந்து இறங்கும் வெள்ளைக்காரப் பயணியும், விடுமுறைக்கு ஊர் திரும்பும் துரையும் அல்பமாகவும் பின்னாளில் தபாலட்டையாகவும் வாங்கிப் போனார்கள். மலை, அருவி, யானை, விகாரை, அந்த வரிசையிலேயே மனிதர்களும். சலவைக்காரர், கள்ளிறக்குபவர், தமிழ்ப் பெண், தோட்டக் கூலி. வாங்குகிறவருக்குத் தேவைப்பட்டது ஒரு மாதிரி உரு. படத்துக்கு விற்பனை இலக்கம் இருந்தது, ஆளுக்குப் பேர் இல்லை.

விற்பனைக்கென்று எடுக்காதவர்களும் இதில் பெரிதாக வேறுபடவில்லை. ஜூலியா மார்கரெட் கமரன் என்று உலகம் கொண்டாடும் படப்பிடிப்பாளர் ஒருவர் நம் மலையில்தான் அடக்கமாகியிருக்கிறார். கோல்புரூக்–கமரன் ஆணைக்குழு என்று பிள்ளைகள் வரலாற்றுப் பாடத்தில் மனப்பாடம் செய்வார்களே, அந்தக் கமரனின் மனைவி. 1875இல் இங்கிலாந்தை விட்டு இலங்கைக்கு வந்தார், களுத்துறையிலும் மலைநாட்டிலும் இருந்தார், 1879இல் டிக்கோயாவில் காலமானார். கல்லறை பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்தில். உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். இங்கிலாந்தில் அவர் எடுத்த கவிஞர் டெனிசனுக்கும் விஞ்ஞானிகள் டார்வினுக்கும் ஹேர்ஷலுக்கும் பேர் இருக்கிறது. இலங்கையில் எடுத்தவற்றில் எஞ்சியிருப்பவை மிகச் சிலவே. அவற்றில் தன்னைப் பார்க்க வந்த ஓவியர் மரியான் நோர்த்துக்குப் பேர் இருக்கிறது. நம் ஆட்களில் பெரும்பாலானோர் பேரில்லாமல் நிற்கிறார்கள். அவர் எடுத்த முகங்கள் அழகானவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் இன்னும் எரிச்சல் வருகிறது.

பேர் யாருக்கும் தெரியாமல் போனதல்ல. தோட்டத்தில் ஒவ்வொருவர் பேரும் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் ஏறியது. கங்காணிக்குத் தெரியும், கணக்கப்பிள்ளைக்குத் தெரியும். அரைநாள் சம்பளம் என்று அரைப்பேர் போடுவதற்குத் தேவைப்பட்ட பேர், படத்தின் கீழே எழுதத் தேவைப்படவில்லை.

ஒன்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். 1870களில் மலையில் பெரும்பாலும் கோப்பி. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 1867இல் தேயிலை போட்டாலும், கோப்பி இலைநோயில் அழிந்த பிறகுதான் தேயிலை மலை முழுக்கப் பரவியது. ஆகவே 1870களின் படத்தில் ஒருவர் 'தேயிலைத் தொழிலாளி' என்று குறிப்பு எழுதியிருந்தால் புருவத்தை உயர்த்தலாம். கூடை, தலையில் போடும் கொங்காணி, காதில் போட்டிருக்கும் நகை, பின்னால் தெரியும் செடி இவற்றை வைத்துப் பிள்ளைகளையே திகதி சொல்ல வையுங்கள். வகுப்பறையில் ஒரு மணித்தியாலம் நன்றாக ஓடும்.

அவ்வளவு பழைய படத்துக்கு இனிப் பேர் கிடைப்பது அரிது. ஆனால் 1950, 60களின் படங்களுக்குக் கிடைக்கும். கண்காட்சியில் பிரதி கேட்டு வாங்குங்கள். ஏ4 அளவில் அச்சிட்டு லயத்துக்குக் கொண்டு போங்கள். வயதானவர்கள் ஆளை உடனே சொல்லாவிட்டாலும், 'இது நம்ம மேக்கணக்கு', 'இது பழைய ஸ்டோரு' என்று இடத்தைச் சொல்வார்கள். இடம் தெரிந்தால் ஆள் வருவார். கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் 2007 முதல் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கென்று ஒரு நூதனசாலை இருக்கிறது, பழைய லயத்துக்குள்ளேயே அமைத்திருக்கிறார்கள். அடுத்த சுற்றுலாவைக் கொழும்புக்கு வைக்காமல் அங்கே வையுங்களேன். கிடைத்த பேரைக் கண்காட்சி நடத்தியவர்களுக்கும் எழுதி அனுப்புங்கள். குறிப்பு மாற்றி எழுதக்கூடியதுதான், கல்வெட்டு அல்ல.

*

கேள்வி: அக்கா, தெஹிவளைக் கடற்கரையில் போனில் எடுத்த மீன்காரர் படங்களைப் போட்டி ஒன்றுக்கு அனுப்பினேன். 'நிறத்தைக் கூட்டியிருக்கிறாய், இது ஆவணப்படம் இல்லை' என்று நடுவர் தள்ளிவிட்டார். எல்லாரும்தானே கூட்டுகிறார்கள்? – கோபமான தம்பி, தெஹிவளை

கூட்டுகிறார்கள் தம்பி. எவ்வளவு என்பதில்தான் சண்டை. உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியில், வேர்ல்ட் பிரஸ் போட்டோ என்பார்களே, 2015இல் கடைசிச் சுற்றுக்கு முந்திய சுற்றுவரை வந்த படங்களில் 20 சதவீதத்தைத் திருத்தம் செய்த குற்றத்துக்காகத் தூக்கி எறிந்தார்கள். கமரா பதிந்த மூலக் கோப்பை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும். பின்னணியில் நின்ற ஒரு ஆளையோ குப்பையையோ அழித்தால் கதை முடிந்தது. வெளிச்சத்தை ஓரளவு கூட்டிக் குறைப்பது இருட்டறைக் காலத்திலேயே நடந்ததுதான், அதற்கு யாரும் தலையை வெட்டமாட்டார்கள்.

பெரியவர்களும் சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவில் 1936இல் ஆதர் ரொத்ஸ்டீன் என்பவர் அரசாங்கத்துக்காக எடுத்த வறட்சிப் படத்துக்கென்று ஒரு மாட்டு மண்டையோட்டைச் சில அடி நகர்த்தி வைத்து எடுத்தார். வேறு எந்தப் பொய்யும் இல்லை, வறட்சி உண்மை, மண்டையோடும் உண்மை. ஆனால் அரசாங்கத்தை எதிர்த்த பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டு ஆடிவிட்டன. அதே வருடம் டொரத்தியா லாங் எடுத்த, பிழைப்புத் தேடி அலைந்த ஏழைத் தாய் ஒருவரின் புகழ்பெற்ற படத்தில், கூடாரக் கம்பத்தைப் பிடித்திருந்த ஒரு பெருவிரல் பின்னாளில் மங்கலாக்கப்பட்டது. உற்றுப் பார்த்தால் இன்றும் விரலின் ஆவி தெரியும்.

நம் ஊர்ப் படப்பிடிப்பாளர் லயனல் வென்ட்டோ இதற்கு நேரெதிர். 1900இல் பிறந்து 1944இல் போனவர், சட்டம் படித்தவர், பியானோக்காரர். இருட்டறையில் படத்தைப் புரட்டிப் போட்டார், நிழலை ஒளியாக்கினார், இரண்டு மூன்று படங்களை ஒட்டி ஒன்றாக்கினார். இது கலை என்று சொல்லியே செய்தார். இன்று அதே படங்களை 1930களின் இலங்கைக்குச் சாட்சியாகவும் மாட்டுகிறார்கள். எதை மாற்றினாய் என்று சொல்லிவிட்டுச் செய்தால் யாரும் உன்னைத் தடுக்கமாட்டார்கள். அந்த மீன்காரர்களுடைய பேரைக் கேட்டு எழுதிக்கொண்டாயா? நிறத்தை விட எனக்கு அதுதான் கவலை.

*

கேள்வி: போர், சுனாமிப் படங்களைக் கொழும்பில் குளிர்சாதன மண்டபத்தில் மாட்டி வைக்கிறார்கள். திறப்பு விழாவில் கையில் கிளாஸோடு நின்று பார்க்கிறார்கள். எங்கள் அழுகை உங்களுக்குக் கண்காட்சியா? – மட்டக்களப்பு வாசகர்

கோபம் நியாயம் ஐயா. திறப்பு விழாக்கள் எனக்கும் ஆகாது. பற்றிஸும் ரோல்ஸும் ஒரு பக்கம் சுற்றி வரும், ஆங்கிலத்தில் மூன்று பேச்சு நடக்கும், யாரும் சுவரைப் பார்க்கமாட்டார்கள். ஒரு கலைக்கூடத்தில் வடக்குப் படங்களுக்குக் கீழே இருந்த தமிழ்க் குறிப்பில் எழுத்துரு உடைந்து, கொம்பெல்லாம் எழுத்தை விட்டு விலகி நின்றது. யார் படங்களோ அவர்களுடைய மொழி மட்டும் சுவரில் நொறுங்கிக் கிடந்தது. பொறுப்பானவரிடம் சொன்னேன். 'டிசைனர் தமிழ் வாசிக்கமாட்டார்' என்றார். வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட எவ்வளவு நேரம் செல்லும்?

ஆனால் மாட்டவே கூடாது என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. மாட்டாவிட்டால் நடக்கவில்லை என்று சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். கேள்வி எப்படி மாட்டுவது என்பது.

இரண்டு படங்களைச் சொல்கிறேன். 2004 டிசம்பர் 28, சுனாமி அடித்து இரண்டாம் நாள், கடலூர். ஆர்கோ தத்தா எடுத்தது. மணலில் ஒரு பெண் குப்புற விழுந்து இரண்டு கைகளையும் விரித்து அழுகிறார். செத்துப்போன உறவினரின் கை மட்டும் படத்தின் ஓரத்தில் தெரிகிறது. முகம் இல்லை, உடல் இல்லை. அந்த ஆண்டின் உலகப் பத்திரிகைப் படமாக அதைத் தேர்ந்தார்கள். அந்த ஒரு கை போதுமாக இருந்தது.

மற்றது 1984 டிசம்பர், விஷவாயு கசிந்த போபால். மண்ணுக்குள் புதையும் குழந்தையின் முகம், கண் திறந்தபடி. ரகு ராய் கறுப்பு வெள்ளையிலும் பாப்லோ பார்த்தலோமியூ வண்ணத்திலும் எடுத்தார்கள். அந்தக் குழந்தை யார் என்று இன்றுவரை தெரியாது. விஷவாயுக் கம்பனியை உலகத்துக்கு முன்னால் நிறுத்தியது அந்த முகம்தான், மறுக்க ஏலாது. ஆனாலும் கண்காட்சி மண்டப வாசலில் ஆளுயரத்துக்குப் பெருப்பித்து அதை மாட்ட என்னைக் கேட்டால் மாட்டமாட்டேன். உள்ளே, திரும்பும் ஒரு மூலையில், பார்க்க விரும்புகிறவர் தாமாகப் போய்ப் பார்க்கும்படி வைக்கலாம்.

படத்தில் இருப்பவரோ அவருடைய சொந்தமோ அந்த மண்டபத்துக்குள் கூச்சமில்லாமல் நடந்து வந்து, தன் மொழியில் குறிப்பை வாசித்து, 'சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள்' என்று சொல்ல முடிய வேண்டும். இதுதான் என் அளவுகோல். டொரத்தியா லாங்கின் தாய்ப் படத்தைச் சொன்னேன் அல்லவா? எடுக்கும்போது லாங் அந்தப் பெண்ணின் பேரைக் கேட்கவில்லை. 1978இல், லாங் இறந்து பல வருடங்களுக்குப் பிறகு, 'நான்தான் அது' என்று புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் முன்னால் வந்தார். நாற்பது வருடமாக உலகம் முழுக்கத் தன் முகம் தொங்கியும் தனக்கு ஒரு சதமும் வரவில்லை என்பது அவருடைய மனத்தாங்கல். காசை விடுங்கள், பேரையாவது கேட்டிருக்கலாம்.

நம் பக்கத்தில் நிலைமை தலைகீழ். 2017 பெப்ரவரி 20இல் இருந்து கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் வீதியோரம் இருந்தார்களே, ஒவ்வொருவர் கையிலும் ஒரு படம். அடையாள அட்டைக்கு எடுத்தது, அல்லது யாருடையதோ கலியாணக் குழுப்படத்தில் இருந்து வெட்டிப் பெருப்பித்தது. மழைக்கு நனையாமல் லமினேட் பண்ணியது. அதில் பேர், காணாமல் போன இடம், திகதி எல்லாம் சரியாக எழுதியிருக்கும். அந்த அம்மாமாரை எடுத்துக் கொழும்பில் மாட்டிய படங்களில், கையில் இருந்த எழுத்து வாசிக்க முடியாமல் மங்கலாகி, கீழே 'போராடும் தாய், வடக்கு' என்று மட்டும் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். குறிப்பு எழுத வேண்டியவர் அந்த அம்மாவின் கையில் இருந்ததைப் பார்த்து எழுதியிருந்தாலே போதும்.

*

கேள்வி: அப்பாவின் அல்பம் ஒன்று இருக்கிறது. 1950, 60களின் படங்கள்: துறைமுகம், ஜிந்துப்பிட்டி, தேர்த் திருவிழா. கண்காட்சிக்கு இரவல் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? சில படங்கள் பூஞ்சணம் பிடித்து ஒட்டிக்கொண்டும் விட்டன. – கொட்டாஞ்சேனை வாசகி

தங்கச்சி, முதலில் கும்பிடு. 83 ஆடியில் இந்த நகரத்தில் எரிந்த தமிழ் வீடுகளோடு எத்தனையோ அல்பங்கள் போயின. கலியாணப் படத்துக்கு இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற சொந்தக்காரரிடம் பிரதி கேட்டு எழுதிய குடும்பங்களை எனக்குத் தெரியும். உங்களுடையது தப்பியிருக்கிறது.

ஒட்டியதை இழுக்காதீர்கள். படத்தின் மேற்பரப்பு ஜெலட்டின், ஈரம் பட்டால் கண்ணாடியோடும் பக்கத்துப் படத்தோடும் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் முகம் அங்கேயும் காகிதம் இங்கேயுமாகப் பிரியும். கண்ணாடியோடு ஒட்டிய படத்தை அப்படியே கண்ணாடியோடு ஸ்கான் பண்ணுங்கள். பசை பூசிய பக்கத்தின் மேல் பிளாஸ்டிக் தாள் மூடும் அல்பம் என்றால், பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்குக் கீழே விட்டு மெதுவாக அறுத்தெடுக்கலாம். அதுவும் முதலில் முக்கியமில்லாத படத்தில் பழகிப் பாருங்கள்.

பூஞ்சணத்துக்குக் காரணம் நம் காற்று. கொழும்பில் ஈரப்பதம் பெரும்பாலும் 70 சதவீதத்துக்கு மேல். படத்துக்கு நல்லது 30 முதல் 50 வரை. வெளிச்சுவரோடு ஒட்டிய அலுமாரியும் நிலத்தோடு இருக்கும் கடைசித் தட்டும் கூடாது. சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு மூடிய பெட்டியில் வையுங்கள், பைகள் ஈரம் குடித்ததும் மாற்ற வேண்டும். பூச்சி உருண்டையைப் படத்தோடு போடாதீர்கள். ஈரத் துணியால் துடைக்கவே கூடாது. பழைய பிலிம் சுருளில் வினாகிரி மணம் வந்தால் அது அழுகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மற்றவற்றிலிருந்து பிரித்து, முதலில் அதைத்தான் ஸ்கான் பண்ண வேண்டும்.

இரவலுக்குக் கொடுங்கள், ஆனால் எழுத்தில். எத்தனை படம், ஒவ்வொன்றிலும் ஏற்கெனவே உள்ள கிழிசல் கறை என்ன, எந்தத் திகதிக்குத் திரும்பும், பழுதானால் யார் பொறுப்பு? நல்ல நூதனசாலை நீங்கள் கேட்காமலே இதை எழுதித் தரும். முகம் சுளிக்கிற இடத்துக்குக் கொடுக்க வேண்டாம். அசல் தேவையா, நல்ல ஸ்கானில் இருந்து அச்சிட்டால் போதாதா என்றும் கேளுங்கள். தாள் உங்களுடையதாக இருக்கலாம், பதிப்புரிமை வேறு விஷயம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அது எடுத்தவரின் ஆயுள் காலமும் அவர் இறந்து 70 வருடங்களும் நிற்கும். அப்பா எடுத்தவை குடும்பத்துக்கு வரும். ஸ்டூடியோக்காரர் எடுத்தவற்றின் பின்னால் முத்திரை இருக்கிறதா பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் முன், இந்தக் கிழமையே செய்ய வேண்டியது ஒன்று. அம்மா இருந்தால் அம்மாவை, இல்லாவிட்டால் மாமிமாரில் ஞாபகசக்தி உள்ளவரைப் பக்கத்தில் இருத்தி, ஒவ்வொரு படத்திலும் யார் யார் என்று கேளுங்கள். படத்தின் பின்னால், ஓரத்தில், மெல்லிய பென்சிலால் இடமிருந்து வலமாக எழுதுங்கள். பேனை வேண்டாம், மை ஊறி முன்னால் வரும், அழுத்தி எழுதினால் தடமும் விழும். 'தேரடி, நிற்பது சித்தப்பா, பக்கத்தில் கடை முதலாளி, பேர் தெரியாது' என்றாலும் எழுதுங்கள். பேர் தெரியாதவர் இன்னொருவருக்குத் தெரிந்தவராக இருப்பார். கண்காட்சிக்காரரிடம் பட்டியலாகக் கொடுத்து, இதையே குறிப்பில் போட வேண்டும் என்பதையும் அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

*

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொழும்பில் படிக்கிறேன். ஒரு நாளில், அதிகம் செலவில்லாமல், படங்கள் பார்க்க எங்கே போகலாம்? – பல்கலைக்கழக மாணவி

138 பஸ்ஸில் ஏறிப் பொது நூலகத்தடியில் இறங்குங்கள். நடக்கும் தூரத்தில் தேசிய நூதனசாலை. 1877 ஜனவரி 1இல் திறந்தது, ஆளுநர் கிரகரியின் காலம், வரைந்தவர் ஸ்மிதர், கட்டியவர் வாப்பிச்சி மரிக்கார். வேலை முடிந்ததும் என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, வெள்ளிக்கிழமைகளில் மூடி வைத்தால் போதும் என்று மரிக்கார் கேட்டதாக ஒரு கதை இந்த ஊரில் உலாவுகிறது. புகைப்படத்துக்கென்று போகும் இடமல்ல அது, ஆனால் கட்டடத்துக்காகவே பார்க்கலாம்.

அங்கிருந்து கில்போர்ட் கிரசன்ட் கிட்டத்தான். 1953இல் திறந்த லயனல் வென்ட் அரங்கு அங்கே. நாடகம் பார்க்கத்தான் ஆட்கள் போவார்கள், ஆனால் கலைக்கூடமும் உண்டு, சிறிய புகைப்படக் கண்காட்சிகள் அடிக்கடி வந்து போகும். வென்ட்டின் நெகட்டிவ்கள் அவர் இறந்த பிறகு அழிக்கப்பட்டுவிட்டன. எஞ்சியவை அச்சிட்ட படங்கள்தான் என்பதை நினைத்துக்கொண்டு உள்ளே போங்கள்.

பின்னேரம் காலி வீதிக்கு வாருங்கள். கொள்ளுப்பிட்டி கிரெஸ்கட்டுக்கு 2022இல் குடிவந்தது நவீன, சமகாலக் கலை நூதனசாலை. 2019 டிசம்பரில் வேறு கட்டடத்தில் தொடங்கியது. சுவர்க் குறிப்புகள் மூன்று மொழியிலும், ஒரே அளவு எழுத்தில் இருக்கும். நான் அங்கே போனால் தமிழ்ப் பக்கத்தை மட்டும் வாசித்துவிட்டு வருவேன், ஒரு திமிருக்குத்தான். நேரம் மிஞ்சினால் அதே வீதியில் பெயார்புட் கலைக்கூடம். அங்கேயும் படங்கள் மாட்டுவார்கள். அங்குள்ள தேநீர்க் கடை மாணவர் பொக்கெட்டுக்கு ஒத்துவராது, வெளியில் வந்து குடியுங்கள்.

கண்காட்சிகள் மாறிக்கொண்டே இருக்கும், போக முன் ஒரு தரம் போன் பண்ணிக் கேளுங்கள். பையை வாசலில் வாங்கி வைப்பார்கள், கொப்பியையும் பென்சிலையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

*

அடுத்த இதழில் பழைய வானொலிப் பெட்டிகள். அதுபற்றிக் கேட்பவர்கள் மாத முடிவுக்குள் எழுதவும். குடும்பப் படங்களின் அசலைத் தபாலில் அனுப்பாதீர்கள், பிரதி போதும். போன மாதம் ஒருவர் தன் அப்பப்பாவின் படத்தை வெறும் கவரில் போட்டு அனுப்பியிருக்கிறார், அனுப்பியவர் முகவரி இல்லை. தொப்பி போட்டவர், பின்னால் புகையிரத மேடை, பலகையில் 'பொல்' என்ற எழுத்து மட்டும் தெரிகிறது. உங்களுடையது என்றால் ஆசிரியபீடத்துக்கு அறிவியுங்கள், பதிவுத் தபாலில் திருப்பி அனுப்புகிறோம்.